டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் ஆன்டிபாடி: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

டோபமின் பற்றி ஆராயும் எந்த லேபிலும் ஃப்ரீசரைத் திறந்தால் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் ஆன்டிபாடி ஒரு குப்பியாவது இருக்கும். ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடித்துக் காட்டும் கருவி. டைரோசின் ஹைட்ராக்சிலேஸைப் பேச்சில் எல்லோரும் சுருக்கமாக டிஎச் என்கிறோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். டைரோசின் என்ற அமினோ அமிலத்தை எல்-டோபாவாக மாற்றும் நொதி இது. டோபமின், நார்அட்ரினலின், அட்ரினலின் மூன்றும் உருவாகும் பாதையில் முதல் படி இதுதான். மொத்த உற்பத்தியின் வேகத்தைத் தீர்மானிக்கும் படியும் இதுதான். 1964ல் நாகாட்சு, லெவிட், யூடன்ஃப்ரெண்ட் மூவரும் இந்த நொதியை விவரித்தார்கள். பார்க்கின்சன் நோய் ஆய்வில் "டோபமின் நியூரான்கள் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இந்த ஆன்டிபாடியை வைத்துத்தான் பதில் தேடுகிறார்கள்.

பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்) பேண்ட் வரவில்லை, செக்ஷனில் (மெல்லிய திசு வெட்டு) நிறம் ஏறவில்லை என்றால் உடனே வேறு குப்பி ஆர்டர் போடத் தோன்றும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். டிஎச் சில இடங்களில் மிக அடர்த்தியாக இருக்கும், ஒட்டினாற்போல் இருக்கும் அடுத்த இடத்தில் சுத்தமாக இருக்காது. மற்ற பல புரதங்களில் இந்த வசதி கிடைக்காது. ஆகவே கோளாறு எங்கே என்பதை உங்கள் செக்ஷனே காட்டிக்கொடுக்கும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

டிஎச் நிச்சயம் இருக்கும் ஒரு பாசிடிவ், நிச்சயம் இல்லாத ஒரு நெகடிவ் கன்ட்ரோல் கையில் இல்லாமல் கோளாறு தேடத் தொடங்க வேண்டாம். வெஸ்டர்ன் பிளாட்டுக்கு எலி அல்லது சுண்டெலியின் ஸ்ட்ரையேட்டம் (டோபமின் நரம்பிழைகள் வந்து முடியும் மூளைப் பகுதி) மிகச் சிறந்த பாசிடிவ். செல் வேண்டுமென்றால் பிசி12. எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து 1976ல் உருவாக்கப்பட்ட இந்தச் செல்களில் டிஎச் நன்றாகவே இருக்கும். நெகடிவுக்குக் கல்லீரல் எடுங்கள். அதில் டிஎச்சின் நெருங்கிய உறவான ஃபினைல்அலனின் ஹைட்ராக்சிலேஸ் நிறைய இருக்கிறது. உங்கள் ஆன்டிபாடி உறவுக்காரப் புரதத்தையும் பிடிக்கிறதா என்பது அந்த ஒரே லேனில் (ஜெல்லில் ஒரு சாம்பிள் ஓடும் தடம்) தெரிந்துவிடும்.

நாக்அவுட் மூளை கிடைத்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். டிஎச் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் பெரும்பாலும் கருவிலேயே இறந்துவிடுகின்றன என்று 1995லேயே தெரிந்துவிட்டது. அதனால் வளர்ந்த நாக்அவுட் விலங்கின் மூளை சுலபத்தில் கிடைக்காது. அந்த இடத்தை நிரப்புவது, டோபமின் நியூரான்களைக் கொல்லும் 6-ஹைட்ராக்சிடோபமின் கொடுத்த எலி மூளை. ஒரு பக்க மீடியல் ஃபோர்பிரெய்ன் பண்டிலில் (டோபமின் நரம்பிழைகள் செல்லும் பாதை) ஊசி போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்தால், அந்தப் பக்க ஸ்ட்ரையேட்டம் வெளிறியும் மறுபக்கம் அடர்ந்தும் இருக்க வேண்டும். ஒரே செக்ஷனில் இரண்டு கன்ட்ரோலும் கிடைக்கிறது. பக்கத்து லேபில் இப்படி ஒரு மூளை மிச்சம் இருந்தால் நாலு செக்ஷன் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி விலங்கில் லெஷன் (நச்சால் மூளையில் சேதம்) செய்யாத லேப் என்றால் அட்ரினல் சுரப்பி போதும். குறுக்கே வெட்டிய ஒரு செக்ஷனில் நடுவிலுள்ள மெடுல்லா அடர்ந்து ஏறும், சுற்றியுள்ள கார்டெக்ஸ் வெறுமையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி எல்லை தெரிந்தால் ஆன்டிபாடியில் குறையில்லை.

பிளாட்டில் பேண்டே வரவில்லை

டிஎச் பேண்ட் சுமார் 60 கிலோடால்டன் அளவில் வர வேண்டும். அந்த இடமே வெறுமையாக இருந்தால் முதலில் பாசிடிவ் லேனைப் பாருங்கள்.

ஸ்ட்ரையேட்டம் லேனில் பேண்ட் இருக்கிறது, உங்கள் சாம்பிளில் மட்டும் இல்லையா? அப்படியென்றால் ஆன்டிபாடியை விட்டுவிட்டு சாம்பிளை விசாரியுங்கள். எஸ்ஹெச்-எஸ்ஒய்5ஒய் என்ற மனித நரம்புக் கட்டிச் செல்களில் இந்தப் புகார் அடிக்கடி வரும். டோபமின் ஆய்வுக்கென்றே அந்தச் செல்லை எடுத்தாலும், அதில் டிஎச் குறைவாகவும், பாசேஜுக்குப் பாசேஜ் (செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும்) மாறியும்தான் இருக்கும். ரெட்டினாயிக் அமிலம் கொடுத்து முதிரவைத்தால் டிஎச் கட்டாயம் கூடும் என்று நம்பிவிட வேண்டாம். மூளை சாம்பிளாக இருந்தால் எந்தப் பகுதியை வெட்டினீர்கள் என்று பாருங்கள். செல் உடல்கள் நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலும் பக்கத்து விடிஏவிலும் (வென்ட்ரல் டெக்மென்டல் ஏரியா) இருக்கின்றன. ஆனால் புரதத்தின் பெரும்பங்கு நரம்பிழை முனைகளுக்குப் போய் ஸ்ட்ரையேட்டத்தில் குவிந்திருக்கிறது. சப்ஸ்டான்ஷியா நைக்ரா மிகச் சிறியது. வெட்டும்போது அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால் பேண்டும் போய்விடும்.

பாசிடிவ் லேனிலும் இல்லையென்றால் வரிசையாகப் பாருங்கள். போன்சோ (புரதத்துக்கு நிறமேற்றும் சாயம்) போட்டபோது மெம்பிரேனில் புரதம் தெரிந்ததா? பிவிடிஎஃப் மெம்பிரேன் என்றால் முதலில் மெத்தனாலில் நனைத்தீர்களா? செக்கண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி) சரியான விலங்குக்கு எதிரானதா? டிஎச் ஆன்டிபாடிகள் முயல், சுண்டெலி, செம்மறியாடு, கோழி என்று நாலு விதத்திலும் சந்தையில் இருப்பதால் இந்தக் குழப்பம் மற்ற புரதங்களைவிட இதில் அதிகம். பஃபரில் சோடியம் அசைடு இருக்கிறதா? செக்கண்டரியோடு ஒட்டியிருந்து சிக்னல் தரும் எச்ஆர்பி நொதியை அசைடு முடக்கிவிடும். முதல் ஆன்டிபாடியைப் பலமுறை பயன்படுத்துவதற்காக அசைடு போட்டு வைப்பவர்கள், செக்கண்டரி ஊற்றும் முன் நன்றாகக் கழுவ வேண்டும்.

பார்சல் வந்தபோது ஐஸ் உருகியிருந்தது, அதனால்தான் வேலை செய்யவில்லை என்று சொல்வதை நிறையக் கேட்கலாம். ஐஜிஜி வகை ஆன்டிபாடிகள் (இங்கே பேசும் வழக்கமான வகை) அவ்வளவு மென்மையானவை அல்ல. ஓரிரு நாள் அறை வெப்பத்தில் இருந்தால் பெரும்பாலும் தாங்கும். திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்குவதுதான் அவற்றைக் கெடுக்கும். வந்த அன்றே சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள். கிளிசரால் கலந்து வந்த குப்பி மைனஸ் 20ல் உறையாது என்பதால் அதைப் பிரிக்காமலும் விடலாம்.

ஒன்றுக்கு மேல் பேண்ட் வருகிறது

கூடுதல் பேண்ட் 60க்குக் கீழே வந்தால் முதல் சந்தேகம் புரதச் சிதைவு. டிஎச் புரோட்டியேஸ்களுக்குச் சுலபமாக இரையாகும். திசுவை எடுத்த உடனே உறையவைத்தீர்களா, லைசிஸ் பஃபரில் புரோட்டியேஸ் தடுப்பான் அன்றைக்குப் புதிதாகச் சேர்த்ததா என்று பாருங்கள். அதே விலங்கின் திசுவை உடனே உறையவைத்து ஒன்று, அரை மணி நேரம் மேசையில் விட்டு ஒன்று என்று இரண்டு லேன் ஓட்டினால், கீழே உள்ள பேண்ட் இரண்டாவதில் தடிக்கிறதா என்று தெரியும். தடித்தால் அது சிதைவுதான்.

மனித சாம்பிளில் 60ஐ ஒட்டி நெருக்கமாக இரண்டு பேண்ட் தெரிந்தால் கவலை வேண்டாம். மனிதரில் ஒரே மரபணுவிலிருந்து வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டி நான்கு வடிவங்கள் உருவாகின்றன. மிகச் சிறியது 497 அமினோ அமிலம், மிகப் பெரியது 528. அந்த வித்தியாசம் நல்ல ஜெல்லில் பிரிந்து தெரியலாம்.

கல்லீரல் லேனில் 50 கிலோடால்டன் பக்கம் பேண்ட் வந்தால், அது உறவுக்காரரைப் பிடித்த அடையாளம். டிஎச், ஃபினைல்அலனின் ஹைட்ராக்சிலேஸ், செரட்டோனின் பாதையில் வரும் டிரிப்டோஃபன் ஹைட்ராக்சிலேஸ் மூன்றும் ஒரே குடும்பம். வினை நடக்கும் நடுப்பகுதி மூன்றிலும் மிக ஒத்திருக்கும். முன்முனைப் பகுதிதான் ஆளுக்கு ஆள் மாறும். பிஎச்8 என்ற மோனோக்ளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி மட்டும் கொண்டது) மூன்றையுமே பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். டேட்டாஷீட்டில் இம்யூனோஜன் (ஆன்டிபாடி உருவாக்க விலங்குக்குக் கொடுத்த புரதம்) எந்தப் பகுதி என்று படியுங்கள். முன்முனைப் பகுதிக்கு எதிராகச் செய்த ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் குறையும். ராஃபே நியூக்ளியஸில் செரட்டோனின் செல்களை டிஎச் என்று எண்ணிவிடும் அபாயமும் இதோடு சேர்ந்ததுதான்.

எல்லா லேனிலும் 50 பக்கம் ஒரே மாதிரி பேண்ட்

சுண்டெலித் திசுவில் சுண்டெலி ஆன்டிபாடி போட்டிருப்பீர்கள். எல்என்சி1 என்ற பிரபலமான டிஎச் மோனோக்ளோனல் சுண்டெலியில் செய்தது. செக்கண்டரி அதை மட்டுமல்லாமல் திசுவில் இருக்கும் விலங்கின் சொந்த ஐஜிஜியையும் பிடிக்கும். அதன் ஹெவி செயின் 50ல், லைட் செயின் 25ல் வரும். 60ல் வர வேண்டியது 50ல் வந்தால் "கொஞ்சம் கீழே ஓடியிருக்கிறது" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். முதல் ஆன்டிபாடி இல்லாமல் செக்கண்டரி மட்டும் போட்டு ஒரு ஸ்ட்ரிப் ஓட்டுங்கள். அதிலும் பேண்ட் வந்தால் விஷயம் முடிந்தது. சுண்டெலித் திசுவுக்கு முயல் அல்லது செம்மறியாட்டு ஆன்டிபாடிக்கு மாறுவதுதான் தீர்வு. எலித் திசுவில் எல்என்சி1 பயன்படுத்துவதானால் எலி ஐஜிஜிக்கு எதிராக அட்சார்ப் செய்த செக்கண்டரி வாங்குங்கள்.

லோடிங் கன்ட்ரோலாக (எல்லா லேனிலும் ஒரே அளவு ஏற்றியதா என்று காட்டும் புரதம்) டியூபுலின் வைப்பவர்கள் கவனிக்க: அதுவும் 50 முதல் 55ல்தான் வரும். டிஎச்சோடு ஒட்டிக்கொள்ளும். 42ல் வரும் ஆக்டினோ 37ல் வரும் ஜிஏபிடிஹெச்சோ வசதி.

பேண்டின் நடுவே வெள்ளை விழுகிறது

கெமிலூமினெசன்ஸில் (எச்ஆர்பி சப்ஸ்ட்ரேட்டை ஒளிரவைக்கும் முறை) பேண்டின் ஓரம் கறுத்து நடு வெளுத்தால், அந்த இடத்தில் எச்ஆர்பி அளவுக்கு மீறி இருந்து சப்ஸ்ட்ரேட்டை ஒரே மூச்சில் தீர்த்துவிட்டது என்று பொருள். ஸ்ட்ரையேட்டத்தில் இது சர்வசாதாரணம். மற்ற புரதத்துக்கு 30 மைக்ரோகிராம் ஏற்றுகிற பழக்கத்தில் இதற்கும் ஏற்றிவிடுகிறோம். ஸ்ட்ரையேட்டத்துக்கு 5 முதல் 10 தாராளம்.

வெள்ளை விழாத நிலையிலும் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சிக்னல் உச்சத்தைத் தொட்டுவிட்டால், புரதம் பாதியாகக் குறைந்தாலும் பேண்ட் குறைந்ததாகத் தெரியாது. லெஷன் வேலை செய்யவில்லை, மருந்து முழுப் பாதுகாப்பு கொடுத்தது என்றெல்லாம் தப்பான முடிவு வந்துவிடும். கன்ட்ரோல் சாம்பிளை 1, 2.5, 5, 10, 20 மைக்ரோகிராம் என்று ஏற்றி, சிக்னல் நேர்கோட்டில் ஏறும் எல்லையைக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான சாம்பிளைத் தொட வேண்டும். ஆன்டிபாடி டைலூஷனையும் அதே பிளாட்டில் சரிபாருங்கள். ஸ்ட்ரையேட்டத்துக்கு 1:1000 தேவையில்லாமல் 1:5000, சில குப்பிகளில் 1:10000கூடப் போதுமானதாக இருக்கும்.

மொத்த டிஎச் வருகிறது, ஃபாஸ்ஃபோ டிஎச் வரவில்லை

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். டிஎச்சின் வேலை வேகம் செரின்-19, செரின்-31, செரின்-40 ஆகிய இடங்களில் ஃபாஸ்ஃபேட் ஒட்டுவதைப் பொறுத்தது. இவற்றில் அதிகம் தேடப்படுவது செரின்-40. அங்கே புரோட்டீன் கைனேஸ் ஏ ஃபாஸ்ஃபேட்டை ஒட்டினால், டோபமின் போட்டு வைத்த பூட்டு கழன்று நொதி வேகம் பிடிக்கும்.

சாதாரண நிலையில் ஸ்ட்ரையேட்டத்தில் உள்ள டிஎச்சில் ஒரு சிறு பங்குதான் செரின்-40ல் ஃபாஸ்ஃபேட்டுடன் இருக்கும். அதனால் மங்கலாக வருவது இயல்பே. அந்தச் சிறு பங்கும் விலங்கு இறந்த சில நிமிடங்களில் கரையத் தொடங்கும். தலையை எடுத்ததிலிருந்து திசு உறையும் வரை எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வொரு விலங்குக்கும் குறித்து வையுங்கள். குழுக்களுக்கு இடையே தெரியும் வித்தியாசம் சில நேரம் வெறும் டிசெக்ஷன் வேக வித்தியாசம்தான்.

அடுத்தது, ஃபாஸ்ஃபேட்டைக் கழற்றும் ஃபாஸ்ஃபடேஸ் நொதிகளுக்கான தடுப்பான். சோடியம் ஆர்த்தோவனடேட் மட்டும் போட்டு நிறுத்திக்கொள்வதைப் பல இடங்களில் பார்க்கலாம். வனடேட் முக்கியமாக டைரோசின் ஃபாஸ்ஃபடேஸ்களைத் தடுப்பது. நொதியின் பெயரில் டைரோசின் இருந்தாலும் நாம் தேடும் இடம் செரின். டிஎச்சிலிருந்து ஃபாஸ்ஃபேட்டைக் கழற்றுவதில் பெரும்பங்கு பிபி2ஏ என்ற செரின்-திரியோனின் ஃபாஸ்ஃபடேஸுக்கு. ஆகவே சோடியம் ஃப்ளோரைடு, பீட்டா-கிளிசரோஃபாஸ்ஃபேட் இரண்டும் கட்டாயம் வேண்டும். முடிந்தால் ஒகடாயிக் அமிலமும்.

பிளாக்கிங்கில் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மூடுவது) பால்பவுடரை விட்டு பிஎஸ்ஏவுக்கு (மாட்டு சீரம் ஆல்புமின்) மாறுங்கள். பாலில் உள்ள கேசீனே ஃபாஸ்ஃபேட் ஏறிய புரதம். ஃபாஸ்ஃபேட் உள்ள பிபிஎஸ் பஃபருக்குப் பதில் டிரிஸ் உள்ள டிபிஎஸ் பயன்படுத்துங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் பிசி12 செல்களுக்கு புரோட்டீன் கைனேஸ் ஏவைத் தூண்டும் ஃபோர்ஸ்கோலினை 10 மைக்ரோமோலார் கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் லைசேட் எடுங்கள். அதில் செரின்-40 எகிற வேண்டும். அதே லைசேட்டில் ஒரு பங்கை, ஃபாஸ்ஃபடேஸ் தடுப்பான் சேர்க்காமல் எடுத்து, லாம்டா ஃபாஸ்ஃபடேஸ் போட்டு ஓட்டினால் பேண்ட் மறைய வேண்டும். இரண்டும் நடந்தால் ஆன்டிபாடி நம்பகமானது. உங்கள் மூளைத் திசுவை எடுத்த விதத்தில்தான் கோளாறு. ஃபோர்ஸ்கோலினுக்கும் அசையவில்லையென்றால் அந்தக் குப்பியைத் தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

செக்ஷன் முழுக்கப் பழுப்பு

பேக்ரவுண்ட் என்று முடிவு கட்டும் முன் ஸ்ட்ரையேட்டம் வரும் கொரோனல் செக்ஷனை 4எக்ஸில் வையுங்கள். ஸ்ட்ரையேட்டத்தில் தனித்தனி செல் தெரியாது. நரம்பிழைகள் மிக நெருக்கமாக இருப்பதால் பரவலான பழுப்புதான் தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதையே அழுக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். இன்னும் கிட்டே போனால் அந்தப் பழுப்புக்குள் வட்ட வட்டமாக நிறமில்லாத ஓட்டைகள் தெரியும். அவை ஸ்ட்ரையேட்டத்தைத் துளைத்துக்கொண்டு போகும் மைலின் நார்க் கட்டுகள். ஓட்டைகள் வெளுப்பாக இருக்கின்றனவா? மேலே வளைந்து கிடக்கும் கார்பஸ் கலோசம் சுத்தமாக இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமென்றால் அது உண்மையான சிக்னல், பேக்ரவுண்ட் இல்லை. கார்பஸ் கலோசமும் பழுப்பேறியிருந்தால்தான் கவலை.

அப்படிப் பழுப்பேறியிருந்தால் மூன்று செக்ஷன் எடுங்கள். ஒன்றில் டிஏபி (பெராக்சிடேஸ் பட்டால் பழுப்பாகும் நிறப்பொருள்) மட்டும், ஒன்றில் செக்கண்டரியும் டிஏபியும், ஒன்றில் எல்லாம். முதலாவதிலேயே நிறம் வந்தால் திசுவின் சொந்தப் பெராக்சிடேஸ். ரத்தக் குழாய்க்குள் சின்னச் சின்ன வட்டங்களாகப் பழுப்பு தெரிந்தால் அவை பர்ஃப்யூஷனில் (ரத்தத்தைக் கழுவி வெளியேற்றும் படி) வெளியேறாத சிவப்பணுக்கள். 10 சதவீத மெத்தனாலில் கலந்த 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம் வைத்தால் அடங்கும். குப்பி பழையதாக இருந்தால் பெராக்சைடு செத்துப்போயிருக்கும். புதிதாகத் திறந்ததை எடுங்கள்.

இரண்டாவதில் வந்தால் செக்கண்டரிதான் காரணம். செம்மறியாட்டு டிஎச் ஆன்டிபாடி வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ஆடு, செம்மறி, மாடு மூன்றின் ஐஜிஜியும் ஒன்றுக்கொன்று நெருக்கம். நீங்கள் ஆட்டு சீரத்திலோ பாலிலோ பிளாக் செய்தால், செம்மறி எதிர் செக்கண்டரி அந்த பிளாக்கையே பிடித்துக்கொள்ளும். கழுதையில் செய்த செக்கண்டரியும் கழுதை சீரமும் ஜோடியாக இருந்தால் பிரச்சினை தீரும்.

மூன்றாவதில் மட்டும் வந்தால் முதல் ஆன்டிபாடியின் அளவு அதிகம். குறையுங்கள்.

செக்ஷனில் நிறம் ஏறவில்லை, அல்லது மேற்பரப்பில் மட்டும் ஏறியிருக்கிறது

பாராஃபின் செக்ஷன் என்றால் ஆன்டிஜன் மீட்பு (ஆன்டிபாடி பிடிக்கும் இடத்தை வெப்பத்தால் மறுபடி திறப்பது) செய்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. 10 மில்லிமோலார் சிட்ரேட், பிஎச் 6.0, 95 டிகிரி, 20 நிமிடம் என்று தொடங்குங்கள். நான்கு சதவீத பாராஃபார்மால்டிஹைடில் வாரக்கணக்கில் கிடந்த மூளையின் மிதக்கும் செக்ஷனுக்கும் இது உதவும். ஆனால் 95 டிகிரியில் சுருண்டு கிழிந்துவிடும், 80 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள்.

தடித்த செக்ஷனில் நடப்பதைக் கண்டுபிடிக்க மைக்ரோஸ்கோப்பின் ஃபைன் ஃபோகஸை மெல்லத் திருப்புங்கள். மேற்பரப்பில் செல் தெரியும். உள்ளே போகப் போக வெறுமை. அடிப்பரப்பில் மறுபடி செல். 40 மைக்ரான் செக்ஷனில் ஆன்டிபாடி நடுவரை இறங்கவில்லை என்று அர்த்தம். ஸ்டீரியாலஜி (செக்ஷன்களிலிருந்து மொத்தச் செல்களைக் கணக்கிடுவது) எண்ணிக்கை செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. இருக்கும் நியூரானை இல்லை என்று எழுதிவிடுவோம். டிரைட்டான் எக்ஸ்-100ஐ 0.3 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள், 4 டிகிரியில் ஒரு இரவு என்பதை 48 மணி நேரமாக்குங்கள், ஷேக்கரில் வையுங்கள். ஒரு குழியில் செக்ஷன்களை அடுக்கிப் போடாதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இடத்தில் ஆன்டிபாடி போகாது.

மனித சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் எது டிஏபி, எது நியூரோமெலனின்?

நியூரோமெலனின் அந்த நியூரான்களில் இயல்பாகவே இருக்கும் நிறமி. அதுவும் பழுப்பு, டிஏபியும் பழுப்பு. டிஏபியைக் கைவிட்டு, ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸோடு சிவப்பு குரோமோஜனுக்கு மாறுங்கள். மெலனினை வெளுக்கவைக்கும் முறைகள் ஆன்டிஜனையும் கெடுக்கக்கூடும், அது இரண்டாம் பட்சம். ஒளிர்வு முறைக்குப் போனால் வயதோடு செல்லில் சேரும் லிப்போஃபியூசின் நிறமியின் சொந்த ஒளிர்வு தொல்லை தரும். 70 சதவீத எத்தனாலில் 0.1 சதவீத சூடான் பிளாக் பி அதை அடக்கும்.

எதிர்பாராத இடத்தில் டிஎச்

ரத்தக் குழாயைச் சுற்றி மெல்லிய இழைகள் தெரிந்தால் அவை சிம்பதெட்டிக் நரம்புகள், உண்மையான சிக்னல். போன்ஸில் நான்காம் வென்ட்ரிக்கிளின் ஓரம் அடர்ந்த கூட்டம் தெரிந்தால் அது லோகஸ் சிருலியஸ். டிஎச் உண்டு, ஆனால் அது செய்வது நார்அட்ரினலின். டிஎச் இருந்தால் டோபமின் செல் என்று அப்படியே எழுதிவிட வேண்டாம்.

எண்ணிக்கை குறைந்திருக்கிறது, செல் செத்ததா?

டோபமின் நியூரான்களைத் தாக்கும் எம்பிடிபி என்ற நச்சு கொடுத்த சுண்டெலியில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நச்சு பட்ட நியூரான் உயிரோடு இருந்துகொண்டே டிஎச் உற்பத்தியைக் குறைத்துவிடும். ஆன்டிபாடிக்கு அது தெரியாத செல். சில வாரங்களில் டிஎச் திரும்பினால் புது நியூரான் முளைத்த மாதிரி படம் காட்டும். அதே செக்ஷனில் நிஸ்ஸில் அல்லது நியூஎன் போட்டு மொத்த நியூரானையும் எண்ணுங்கள். இரண்டும் ஒரே அளவில் குறைந்தால் சாவு. டிஎச் மட்டும் குறைந்தால் நொதிதான் குறைந்திருக்கிறது. இதைச் செய்யாத ஆய்வில் "பாதுகாப்பு" என்ற சொல்லை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

புது லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்ததிலிருந்து சரியில்லை

முயல் பாலிக்ளோனலில் இது நிஜமாகவே நடக்கும். விலங்கு மாறினால் சீரமும் மாறும். பழைய லாட்டில் கடைசி 10 மைக்ரோலிட்டர் தீரும்வரை காத்திருக்காமல், புதுக் குப்பி வந்ததும் இரண்டையும் ஒரே ஸ்ட்ரையேட்டம் லைசேட்டில், ஒரே நாளில், மூன்று டைலூஷனில் ஓட்டிப் பாருங்கள். அதற்கென்று நாலைந்து விலங்கின் ஸ்ட்ரையேட்டத்தை ஒன்றாக அரைத்து, சிறு குழாய்களாக மைனஸ் 80ல் வைத்திருப்பது நல்லது. நடுவில் ஆய்வு ஓடிக்கொண்டிருந்தால் லாட்டை மாற்றாதீர்கள். தொடங்கும்போதே முழு ஆய்வுக்கும் தேவையான அளவை ஒரே லாட்டாகக் கேட்டு வாங்கி, லாட் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். பேப்பரின் மெத்தட்ஸ் பகுதியிலும் அது இடம்பெறட்டும்.